எண்டர் தட்டினதும் உள்ள என்ன நடக்குது? டெர்மினலும் ஷெல்லும் புதுசா பழகுறவங்களுக்கு

பெங்களூருக்கு வேலைக்கு வர்ற நம்ம பசங்க, பொண்ணுங்க நிறைய பேர் முதல் வாரத்துலயே அந்த கருப்பு விண்டோவ பாத்துடுவாங்க. டெஸ்டிங்கா இருக்கட்டும், டேட்டா வேலையா இருக்கட்டும், சப்போர்ட்டா இருக்கட்டும், "டெர்மினல ஓப்பன் பண்ணி இத ரன் பண்ணுப்பா"ன்னு டீம்ல யாராவது ஒரு வரிய சாட்ல தட்டி விடுவாங்க, இவங்களும் காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணி எண்டர் தட்டுவாங்க, வேலை முடிஞ்சிடும். முடியலன்னா திரும்ப அவங்க டேபிளுக்கே போய் நிக்கணும். பிடிஎம் பக்கம், மாரத்தஹள்ளி பக்கம் கோர்ஸ் சேந்து படிக்கிறவங்க நிலைமையும் பெருசா வேற இல்ல, நூறு கமாண்ட் இருக்கற ஒரு பிடிஎஃப்ப குடுத்து மனப்பாடம் பண்ண சொல்றாங்க. எனக்கு இதுல உடன்பாடே கிடையாது. எத்தன கமாண்ட் தெரியும்ங்கறது முக்கியமில்ல, நீங்க ஒரு வரி அடிச்சு எண்டர் தட்டறதுக்கும் பதில் வர்றதுக்கும் நடுவுல யார் என்ன வேல பாக்கறாங்கன்னு புரிஞ்சிட்டா மிச்சத்த தேவப்படும்போது தேடிக்கலாம். அத மட்டும்தான் இங்க எழுதறேன்.

கமாண்ட் பேரையெல்லாம் சொல்ற மாதிரியே தமிழ்ல எழுதியிருக்கேன், கீபோர்டுல இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க. பெரிய எழுத்துல அடிச்சா லினக்ஸுக்கு (விண்டோஸ் மாதிரி இதுவும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்) அது வேற பேரு.

அடிச்சு பாக்க இடம் வேணும்ல, உபுண்டு (லினக்ஸ்ல ஒரு வகை) இருந்தா கண்ட்ரோல், ஆல்ட், டி மூணையும் சேத்து அழுத்துங்க, மேக்ல டெர்மினல்னே ஒரு ஆப் இருக்கு, விண்டோஸ் லேப்டாப்னா 2016ல இருந்து டபிள்யூஎஸ்எல்னு ஒண்ணு வருது, அத இன்ஸ்டால் பண்ணா விண்டோஸுக்குள்ளயே உபுண்டு ஓடும். ஆபீஸ் லேப்டாப்ல எதையும் போட விட மாட்டாங்க, அதனால முடிஞ்சா எஸ்பி ரோட்டுல ஒரு பழைய லேப்டாப் வாங்கி அதுல லினக்ஸ் போட்டுக்கோங்க, கத்துக்கறதுக்கு 4 ஜிபி ராம் இருந்தாலே தாராளம், டெர்மினலுக்கு அதுகூட வேண்டாம். சொந்த மெஷின்ல தைரியமா நோண்டலாம்ங்கறதுதான் பெரிய லாபம்.

ஓசூர்ல இருந்து தினம் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வந்துட்டு போற தம்பி ஒருத்தன் என்கிட்ட கேட்டான், "அண்ணா, டெர்மினல்னாலும் ஷெல்னாலும் ஒண்ணுதானே?" நல்ல கேள்வி, ஏன்னா பாதி பேர் அப்படித்தான் பேசறாங்க. ஒண்ணு இல்ல. டெர்மினல்ங்கறது வெறும் விண்டோ, நீங்க தட்டற எழுத்த உள்ள அனுப்பும், உள்ள இருந்து வர்ற எழுத்த திரையில காட்டும், அவ்வளவுதான் அதோட வேல, நீங்க அடிச்சதுக்கு அர்த்தம் என்னன்னு அதுக்கு தெரியாது. ஷெல்ங்கறது அந்த விண்டோவுக்குள்ள ஓடற ஒரு ப்ரோக்ராம், அதுதான் உங்க வரிய படிக்குது. உபுண்டுல அதுக்கு பேரு பாஷ், மேக்ல 2019ல கேட்டலினா வந்ததுல இருந்து ஜீஷெல். மூணாவதா ஒருத்தர் இருக்காரு, அவரத்தான் எல்லாரும் மறந்துடறாங்க, நீங்க கூப்பிடற அந்த கமாண்ட். ஃபோல்டர்ல என்னென்ன இருக்குன்னு காட்டற எல்எஸ்ங்கறது ஷெல்லுக்குள்ள இருக்கற ஒரு பட்டன் இல்ல, டிஸ்க்ல தனியா கிடக்கற ஒரு சின்ன ப்ரோக்ராம், ஷெல் அத தேடி எடுத்து ஓட விடுது. டெர்மினல், ஷெல், கமாண்ட், இந்த மூணையும் தனித்தனியா பாக்க ஆரம்பிச்சீங்கன்னா எரர் வரும்போது யார்கிட்ட பிரச்சனைன்னு உடனே பிடிபடும்.

டெர்மினல் ஒரு காலத்துல நெஜமாவே தனி மெஷின். 1969ல அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் லினக்ஸுக்கெல்லாம் முன்னோடியான யூனிக்ஸ ஆரம்பிச்சப்போ அவங்க முன்னாடி திரை கிடையாது, டெலிடைப்னு டைப்ரைட்டர் மாதிரி ஒரு மெஷின், நீங்க அடிக்கறதும் கம்ப்யூட்டர் சொல்றதும் பேப்பர்லதான் விழும். மாடல் 33னு ஒண்ணு ரொம்ப புழக்கத்துல இருந்துச்சு, அது ஒரு செகண்டுக்கு 10 எழுத்துதான் அச்சடிக்கும், கீயும் அழுத்தமா குத்தணும். அந்த மெஷின்ல நாள் பூரா உக்காந்தவங்க பேர் வெச்சதாலதான் எல்எஸ், சிடி, சிபி, எம்வி, ஆர்எம்னு எல்லாமே ரெண்டு எழுத்துல நிக்குது. அப்புறம் திரை வந்துச்சு, 1978ல டெக் கம்பெனி விட்ட விடி100ல வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 24 வரி. இன்னிக்கு உபுண்டுல புதுசா டெர்மினல் தொறந்தாலும் அநேகமா அதே 80க்கு 24 அளவுலதான் தொறக்கும். டீடீஒய்னு மூணு எழுத்து அடிச்சு பாருங்க, உங்க விண்டோவுக்கு சிஸ்டம் குடுத்திருக்கற பேர் வரும், டீடீஒய்ங்கற அந்த கமாண்ட் பேருக்குள்ள டெலிடைப் இன்னும் உக்காந்திருக்கு.

சரி, இப்ப ஷெல்லுக்கு வருவோம், இங்கதான் நிதானமா இருக்கணும்.

தொறந்ததும் ஒரு வரி நிக்கும், உங்க பேரு, மெஷின் பேரு, ஒரு ~ குறி, கடைசியில $ (மேக்ல $ இருக்கற இடத்துல % இருக்கும்). இதத்தான் ப்ராம்ப்ட்னு சொல்றது, "நான் ரெடி, சொல்லுங்க"ன்னு ஷெல் காத்துட்டிருக்குன்னு அர்த்தம். அந்த ~ குறிக்கு உங்க ஹோம் ஃபோல்டர்னு பொருள். டுடோரியல்ல இருந்து காப்பி பண்றவங்க சில பேர் அந்த $ குறியையும் சேத்து அடிச்சிட்டு எரர் வருதுன்னு தவிக்கறாங்க, அது ஷெல் போடறது, நீங்க அடிக்க வேண்டாம்.

இப்ப 'எக்கோ வணக்கம்'னு அடிங்க. வணக்கம்னு திரும்ப வரும். எக்கோ ரொம்ப சாது, குடுத்தத அப்படியே திருப்பி சொல்றத தவிர அதுக்கு ஒண்ணும் தெரியாது. அடுத்து 'எக்கோ *'னு அடிங்க, எக்கோ, ஒரு இடைவெளி, ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரம் திரும்பி வரும்னுதான நெனப்பீங்க? வராது. நீங்க இருக்கற ஃபோல்டர்ல உள்ள ஃபைல் பேரெல்லாம் வரிசையா வரும். எக்கோவுக்கு ஃபைல்னா என்னன்னே தெரியாதே, பின்ன எப்படி? அது எக்கோ செஞ்ச வேலையே இல்ல, ஷெல் செஞ்சது. எண்டர் தட்டினதும் ஷெல் உங்க வரிய அப்படியே தூக்கி கமாண்ட்கிட்ட குடுக்கறது இல்ல, முதல்ல இடைவெளி எங்க இருக்குன்னு பாத்து துண்டு துண்டா வெட்டுது, நட்சத்திரம் இருந்தா அத பொருந்தற ஃபைல் பேரா மாத்துது, $ போட்டு ஒரு பேர் இருந்தா அதோட மதிப்ப எடுத்து வைக்குது, இவ்வளவும் முடிச்சிட்டுதான் கமாண்ட கூப்பிட்டு "இந்தா, உனக்கு வந்தது இதெல்லாம்"னு நீட்டுது. நட்சத்திரம் இருந்துச்சுங்கறதே எக்கோவுக்கு தெரியாது.

இத ஒருதரம் கையால செஞ்சு பாத்துட்டீங்கன்னா பாதி குழப்பம் போயிடும். உதாரணத்துக்கு 'ரேஷன் கார்டு'னு நடுவுல இடைவெளி வெச்ச ஒரு ஃபைல் இருக்குன்னு வைங்க. ஆர்எம்ங்கறது ஃபைல அழிக்கற கமாண்ட், 'ஆர்எம் ரேஷன் கார்டு'னு அடிச்சா அப்படி ஒரு ஃபைலே இல்லன்னு ரெண்டு தடவ சொல்லும். ஏன் ரெண்டு? ஷெல் இடைவெளியில வெட்டிடுச்சு, ஆர்எம் கைக்கு போனது ரேஷன்னு ஒரு பேரும் கார்டுன்னு ஒரு பேரும். மேற்கோள் குறிக்குள்ள போட்டு "ரேஷன் கார்டு"ன்னு அடிச்சா வெட்டாம ஒண்ணா குடுக்கும். மேற்கோள் குறி கமாண்டுக்கு இல்ல, ஷெல்லுக்கு நாம சொல்ற ஒரு தகவல், இத தொடாதன்னு. இரட்டை குறிக்குள்ள இருந்தாலும் $ போட்டத மட்டும் ஷெல் மாத்தும், ஒற்றை குறிக்குள்ள அதையும் விட்டுடும்.

ஆர்எம்னு சொன்னதும் இன்னொண்ணையும் சொல்லிடணும். இதுல ட்ராஷ் கிடையாது, போனா போனதுதான். '*.லாக்'னு அடிக்க வேண்டிய இடத்துல நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவுல ஒரே ஒரு இடைவெளி விழுந்துட்டா ஷெல் முதல் துண்டா அந்த நட்சத்திரத்த எடுத்து ஃபோல்டர்ல இருக்கற எல்லா பேரையும் ஆர்எம்கிட்ட குடுத்துடும், அதுவும் சொன்னத செஞ்சுட்டு போயிடும். அதனால நட்சத்திரம் போட்டு எதையாவது அழிக்கணும்னா முதல்ல ஆர்எம் இருக்கற இடத்துல எக்கோ போட்டு எண்டர் தட்டுங்க, எதெல்லாம் போகப் போகுதுன்னு திரையில வரும், சரியா இருந்தா மேல் அம்புக்குறிய அழுத்தி அதே வரிய எடுத்து எக்கோவ ஆர்எம்மா மாத்துங்க. இந்த ஒரு பழக்கத்துக்காகவே இந்த கட்டுரைய எழுதலாம்னு எனக்கு தோணுச்சு.

"கமாண்ட் நாட் ஃபவுண்ட்"னு வந்தா அதுவும் ஷெல் சொல்றதுதான். பாத்னு (பெரிய எழுத்துல நாலு எழுத்து) ஒரு பட்டியல் வெச்சிருக்கும், அதுல இருக்கற ஃபோல்டர் ஒவ்வொண்ணா போய் அந்த பேர்ல ப்ரோக்ராம் இருக்கான்னு பாக்கும், எங்கயும் இல்லன்னா கைய விரிச்சிடும். நீங்க இருக்கற ஃபோல்டர் பொதுவா அந்த பட்டியல்ல இருக்காது, அதனாலதான் நீங்களே எழுதின ஸ்க்ரிப்ட (கமாண்ட வரிசையா எழுதி வெச்ச ஃபைல) ஓட்ட முன்னாடி ./ போடணும், "இங்கயே இருக்கு பாரு"ன்னு ஷெல்லுக்கு வழி காட்டறோம்.

எல்லா கமாண்டும் வெளிய கிடக்கற ப்ரோக்ராம்னு சொன்னேன்ல, அதுக்கு விதிவிலக்கு உண்டு. ஃபோல்டர் மாத்தற சிடி ஷெல்லுக்குள்ளயே இருக்கு. 'டைப் சிடி'னு அடிச்சா ஷெல் பில்ட்இன்னு அதுவே சொல்லும். காரணம் என்னன்னா ஷெல் ஒரு ப்ரோக்ராம ஓட விட்டா அது தனி ப்ராசஸா ஓடுது, அது போய் தன்னோட இடத்த மாத்திக்கலாமே தவிர ஷெல் நிக்கற இடத்த மாத்த முடியாது. ஷெல் நகரணும்னா ஷெல்லேதான் நகரணும். (எக்கோவும் பாஷ்ல உள்ளயே ஒண்ணு இருக்கு, அது வேகத்துக்காக.)

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்ச இடத்துக்கு வர்றோம், பைப். முருகேஷ்பாளையால ஒரு அக்கா வீட்டுலயே டிஃபன் செஞ்சு பக்கத்து அபார்ட்மெண்டுக்கெல்லாம் குடுக்கறாங்க, ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்ல வரும், ராத்திரி அத ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல வரிக்கு ஒண்ணா போட்டு வெச்சிடுவாங்க. இட்லி, பொங்கல், இட்லி, ரவா கிச்சடி, பொங்கல்னு கலந்து கிடக்கும். எது எத்தனன்னு எண்ணணும். அதுக்கு ஒரே வரி போதும்:

சார்ட் ஆர்டர் | யூனிக் -சி | சார்ட் -ஆர்என் | ஹெட் -3

வர்ற பதில் இப்படி இருக்கும்:

9 இட்லி
6 பொங்கல்
4 ரவா கிச்சடி

ஆர்டர்ங்கறது அந்த ஃபைல் பேரு. யூனிக்க யு, என், ஐ, க்யூன்னு நாலே எழுத்துல அடிக்கணும். அந்த நெட்டுக் கோடுதான் பைப், இடது பக்கம் இருக்கறது எழுதறத வலது பக்கம் இருக்கறது படிக்கற மாதிரி ஷெல் சேத்து விடுது. முதல் சார்ட் வரிய எல்லாம் அடுக்கி, ஒரே மாதிரி இருக்கறத பக்கத்துல பக்கத்துல கொண்டு வருது, இது எதுக்குன்னா யூனிக்குக்கு அடுத்தடுத்து இருக்கற வரிய மட்டும்தான் சேத்து எண்ணத் தெரியும், சார்ட் பண்ணாம குடுத்தா இட்லி நாலு இடத்துல நாலு கணக்கா நிக்கும். -சி போட்டா எண்ணிக்கைய முன்னாடி போடும். அடுத்த சார்ட்ல என் எழுத்து எண்ணா பாத்து அடுக்கு, ஆர் எழுத்து தலைகீழா, பெருசு மேல வரட்டும். கடைசி ஹெட் முதல் 3 வரிய மட்டும் விடுது. இந்த நாலுல ஒண்ணுக்கும் டிஃபன் கணக்கு தெரியாது, ஒண்ணுக்கொண்ணு பழக்கமும் கிடையாது, ஆனா சேத்து வெச்சா அக்காவுக்கு நாளைக்கு எவ்வளவு மாவு ஆட்டணும்னு தெரிஞ்சிடுது. ப்ரோக்ராம இப்படி ஒண்ணோட ஒண்ண கோக்க வழி வேணும்னு டக் மெக்இல்ராய்ங்கறவரு 1964லயே எழுதி வெச்சாரு, 1973ல கென் தாம்சன் அத யூனிக்ஸ்ல கொண்டு வந்தாரு. அம்பது வருஷம் தாண்டியும் அதே நெட்டுக் கோடுதான்.

தமிழ்ல ஃபைல் வெச்சு வேல செய்றவங்க ஒண்ணு கவனிக்கணும். சில சமயம் இந்த பட்டியல்ல பொங்கல் ரெண்டு வரியா வரும், கண்ணுக்கு ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு, எண்ணிக்கை மட்டும் பிரிஞ்சு நிக்கும். 'பொ'வுல இருக்கற அந்த ஒகரக் குறிய யூனிகோடுல (எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல எண் குடுக்கற பட்டியல்) ஒரே குறியாவும் வைக்கலாம், கொம்பையும் காலையும் ரெண்டு குறியா அடுத்தடுத்தும் வைக்கலாம், எந்த ஆப்ல இருந்து வந்துச்சுங்கறத பொறுத்து மாறும். திரையில ஒண்ணா தெரிஞ்சாலும் உள்ள பைட் வேற வேற, யூனிக் பைட்டத்தான் பாக்குது. தேடற கமாண்டான கிரெப்பும் அப்படித்தான், தோசைன்னு தேடினா ஒரு வகை தோசைதான் மாட்டும். எழுத்துன்னு நாம சொல்றதும் கம்ப்யூட்டர் எண்ணறதும் எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாக்க இத அடிங்க:

எக்கோ -என் அம்மா | டபிள்யூசி -சி

டபிள்யூசிங்கறது எண்ணிக் காட்டற கமாண்ட், -சி போட்டா பைட்ட எண்ணும், -எம் போட்டா குறிய எண்ணும், எக்கோவோட -என் கடைசியில புது வரி சேக்காம இருக்கறதுக்கு. 15னு வரும். -சி எடுத்துட்டு -எம் போட்டா 5. நம்ம கணக்குல அ, ம், மா மூணு எழுத்துதான். யூனிகோடுல அ, ம, புள்ளி, ம, கால்னு அஞ்சு குறி, ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8ல (யூனிகோடு குறிய பைட்டா எழுதற முறை) 3 பைட், ஆக 15. அந்த யூடிஎஃப்-8ஐ 1992ல உருவாக்கினது ராப் பைக்கும் அதே கென் தாம்சனும்தான், யூனிக்ஸ ஆரம்பிச்ச மனுஷனோட வேலையாலதான் இன்னிக்கு தமிழ்ல ஃபைல் பேர் வெச்சு டெர்மினல்ல புழங்க முடியுது, இத நெனச்சா எனக்கு உண்மையிலயே சந்தோஷமா இருக்கும். டெர்மினல் மட்டும் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகல கட்டத்துல உக்கார வைக்கப் பாக்கும், அதனால கொம்பும் காலும் தள்ளித் தள்ளி நிக்கலாம், ஃபைல் கெட்டுப் போச்சுன்னு பயப்படாதீங்க, எடிட்டர்ல தொறந்தா சரியா இருக்கும்.

பைப் மாதிரியே > குறியும் ஷெல்லோட வேல, வர்ற பதில திரையில போடாம ஃபைல்ல எழுதுது. இதுல ஒரு குழி இருக்கு. ஆர்டர் ஃபைல சார்ட் பண்ணி அதே ஃபைல்ல போடலாம்னு 'சார்ட் ஆர்டர் > ஆர்டர்'னு அடிச்சா ஃபைல் காலி ஆயிடும். ஏன்னு இப்ப உங்களுக்கே சொல்ல வரும், கமாண்ட கூப்பிடறதுக்கு முன்னாடியே ஷெல் > குறிய பாத்து அந்த ஃபைல எழுதறதுக்காக தொறந்து சுத்தமா துடைச்சிடுது, அப்புறம்தான் சார்ட் வருது, படிக்க அங்க ஒண்ணும் இல்ல. வேற பேர்ல எழுதுங்க. இருக்கறதோட கடைசியில சேக்கணும்னா >> போடுங்க.

மாட்டிக்கிட்டு நிக்கற இடங்கள வேகமா சொல்லிடறேன். ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு, நிறுத்தணும்னா கண்ட்ரோல் சி. காப்பி பண்ண கண்ட்ரோல் ஷிஃப்ட் சி, மேக்ல கமாண்ட் கீயோட சி. ப்ராம்ப்ட் மாறி வெறும் > மட்டும் வந்து நின்னா எங்கயோ மேற்கோள் குறிய மூட மறந்திருக்கீங்க, மூடுங்க, இல்லன்னா கண்ட்ரோல் சி. எத தட்டினாலும் திரை அசையலன்னா தெரியாம கண்ட்ரோல் எஸ் அழுத்தியிருப்பீங்க, அது டெலிடைப் காலத்து "நிறுத்து" சைகை, கண்ட்ரோல் க்யூ அழுத்தினா ஓட ஆரம்பிச்சிடும். மேன் போட்டு உதவிப் பக்கம் படிச்சிட்டு வெளிய வர க்யூ. சூடோ (ஒரு கமாண்ட முழு அதிகாரத்தோட ஓட்ட முன்னாடி போடறது) கேக்கும்போது பாஸ்வேர்ட் அடிச்சா புள்ளிகூட தெரியாம இருக்கலாம், கீபோர்டு நல்லாத்தான் இருக்கு, அடிச்சு முடிச்சு எண்டர் தட்டுங்க. ஃபைல் பேர்ல ரெண்டு எழுத்து அடிச்சிட்டு டேப் தட்டினா மிச்சத்த ஷெல்லே எழுதிக்கும், இடைவெளி இருந்தா அதையும் அதுவே கவனிச்சுக்கும். என்னிக்கோ அடிச்ச வரி வேணும்னா கண்ட்ரோல் ஆர் அழுத்தி அதுல ஞாபகம் இருக்கற ஒரு வார்த்தைய அடிங்க.

அடுத்த தடவ சாட்ல யாராவது ஒரு நீள வரிய அனுப்பினா எண்டர் தட்டறதுக்கு முன்னாடி ஷெல் பாக்கற மாதிரி நீங்களும் வெட்டிப் பாருங்க. முன்னாடி சூடோ இருந்தா இந்த வரி முழு அதிகாரத்தோட ஓடப் போகுது. நெட்டுக் கோடு இருக்கற இடத்துல எல்லாம் பிரிங்க, ஒவ்வொரு துண்டுலயும் முதல் வார்த்தை ப்ரோக்ராம், அது என்னன்னு தெரியலன்னா மேன் போட்டு பாருங்க. நட்சத்திரம் இருந்தா அங்க எக்கோ வெச்சு பாருங்க. > இருந்தா வலது பக்கம் இருக்கற ஃபைல்ல இப்ப என்ன இருக்குன்னு பாருங்க. 'கர்ல்'னு (இணையத்துல இருந்து எடுத்துட்டு வர்ற கமாண்ட்) ஆரம்பிச்சு ஒரு இணைய முகவரி வந்து அப்புறம் நெட்டுக் கோடு போட்டு 'சூடோ பாஷ்'னு முடிஞ்சா, எங்கயோ இருக்கற ஒருத்தர் எழுதினத படிச்சுக்கூட பாக்காம உங்க மெஷின்ல முழு அதிகாரத்தோட ஓட்டப் போறீங்கன்னு அர்த்தம். நெட்டுக் கோட்டுல இருந்து பின்னாடி இருக்கறத அழிச்சிட்டு அங்க > போட்டு ஒரு புது ஃபைல் பேர் குடுங்க, வந்தத எடிட்டர்ல தொறந்து படிங்க. புரியாத வரி இருந்தா அனுப்பினவங்க கிட்ட "அண்ணா, இந்த மூணாவது வரி எதுக்கு?"ன்னு குறிப்பா கேளுங்க, அப்படி கேட்டா நின்னு சொல்லித் தர்றவங்க பெங்களூர்ல நிறைய பேர் இருக்காங்க.